கற்பதை நிறுத்தாத நூலகர்

பொது நூலகத்தின் கதவு காலையில் திறந்ததும் நாளிதழ் படிக்கும் முதியவர்கள் வந்து அமர்கின்றனர். சற்று நேரம் கழித்துப் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் வருகின்றனர். மாலையில் பள்ளிப் பிள்ளைகள் வருகின்றனர். இவர்களுக்கு நடுவே மேசையருகில் அமர்ந்திருக்கும் நூலகரைப் பார்த்து, "இவருக்கென்ன குறை? நாள் முழுதும் புத்தகம் படித்துக்கொண்டிருக்கலாம்" என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். உண்மையில், நிம்மதியாக ஒரு நூலை எடுத்துப் படிக்க நேரம் வாய்க்காதவர்களுள் நூலகரும் ஒருவர்.

வந்து சேரும் ஒவ்வொரு நூலையும் அவர் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், முத்திரையிட வேண்டும், பொருளறிந்து பகுப்பெண் எழுத வேண்டும், அட்டவணையில் சேர்த்து உரிய தட்டில் வைக்க வேண்டும். தட்டு மாறி வைக்கப்பட்ட நூல் தொலைந்த நூலுக்குச் சமம். இரவல் கொடுப்பதும், திரும்பப் பெறுவதும், கிழிந்தவற்றைப் பைண்டிங்குக்கு அனுப்புவதும் அவர் பொறுப்பே. இவையனைத்திற்கும் மேலாக, வந்து நிற்பவரின் கேள்விக்கு விடை தேடித் தர வேண்டும். தென்னை நோய்க்கு மருந்து கேட்பார் ஒருவர். பட்டா மாறுதலுக்கு வழி கேட்பார் மற்றொருவர். எல்லாம் அறிந்தவராக எந்த மனிதரும் இருக்க இயலாது. ஆயினும் எதையும் தேடிக் கண்டறியும் வழி நூலகருக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். அவ்வழியோ காலந்தோறும் மாறிக்கொண்டே வருகிறது. ஆகவே, பிறர் கற்க உதவும் நூலகர், தாம் முதலில் கற்றுக்கொண்டே இருக்கக் கடமைப்பட்டவர் ஆகிறார்.

சலிப்பைப் போக்கிய பயணம்

இந்திய நூலகத் துறையின் தந்தை எனப் போற்றப்படும் சீ. இரா. அரங்கநாதன், 1892ஆம் ஆண்டு சீர்காழியில் பிறந்தவர், கணித ஆசிரியர். 1924ஆம் ஆண்டு சனவரியில் சென்னைப் பல்கலைக் கழகத்தின் நூலகராகப் பதவியேற்றார். மாணவர்களோடு பேசிப் பழகியவருக்கு நூலகத்தின் தனிமை பெரும் சுமையாயிற்று. சில வாரங்களுக்குள்ளாகவே, தம்மை மீண்டும் கற்பிக்கும் பணிக்கே அனுப்பிவிடுமாறு மேலிடத்தில் மன்றாடினார். "இலண்டன் சென்று நூலகவியல் பயின்று வாருங்கள், திரும்பிய பின்னும் விருப்பமில்லையெனில் பழைய பணிக்குச் செல்லலாம்" என்பதே அங்கு ஏற்பட்ட உடன்பாடு.

அப்பயணம் அவர் வாழ்வைத் திருப்பியது. இலண்டன் பல்கலைக் கழகக் கல்லூரியில் பயின்றதோடு அவர் நிற்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களை நேரில் சென்று பார்த்தார். நூலகம் என்பது நூல்களைப் பூட்டிக் காக்கும் கிடங்கன்று, மக்கள் வாழ்வோடு கலந்த நிறுவனம் என்பதை அங்கே கண்டார். கடையொன்றில் 'மெக்கானோ' என்னும் விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். ஒரு சில துண்டுகளை வெவ்வேறாக இணைத்து வெவ்வேறு பொம்மைகளைச் செய்வதுபோல, சில அடிப்படைக் கூறுகளை இணைத்தே எந்த நூலுக்கும் பகுப்பெண் அமைக்கலாமே என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. திரும்பி வருகையில் கப்பலிலிருந்த நூலகத்தையே அம்முறையில் அடுக்கிப் பார்த்தாராம்! 1933ஆம் ஆண்டு வெளியான கோலன் பகுப்பு முறை இவ்வாறு பிறந்ததே.

கணிதப் பணிக்கு அவர் திரும்பவேயில்லை. இருபது ஆண்டுகள் அந்நூலகத்திலேயே உழைத்தார். கற்றதைத் தமக்குள் வைத்துக்கொள்ளாமல் 1929ஆம் ஆண்டிலேயே நூலகர்களுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கக் காரணமானார். 1931ஆம் ஆண்டு அவர் வகுத்தளித்த ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை வீணாக்கலாகாது என்பது. ஐந்தாவது, நூலகம் வளர்ந்துகொண்டேயிருக்கும் உயிர்ப்பொருள் என்பது. நூலகம் வளருமாயின் நூலகரும் வளரத்தானே வேண்டும்?

சார்லட் நகரின் இருபத்து மூன்று பாடங்கள்

ஐந்தாம் விதிக்கு ஏற்ற சோதனை, ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக்குப் பின் அமெரிக்க நாட்டில் வந்தது. வட கரோலினா மாநிலத்துச் சார்லட் நகரப் பொது நூலகத்திற்குப் பல கிளைகளும், சில நூறு பணியாளர்களும் இருந்தனர். இணையத்தில் வலைப்பூக்களும், நிழற்படப் பகிர்வும், பலர் கூடி எழுதும் விக்கிப் பக்கங்களும் பெருகிய காலம் அது. வாசகர்கள் இவற்றில் புழங்கத் தொடங்கினர். அவர்களுக்கு வழிகாட்ட வேண்டிய பணியாளர்களுள் பலருக்கோ இவை புதியவை.

அந்நூலகத்தின் தொழில்நுட்ப இயக்குநராயிருந்த ஹெலன் புளோயர்ஸ் அம்மையார் 2006ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். ஒன்பது வாரங்களில் இருபத்து மூன்று சிறு செயல்கள். வகுப்பறை இல்லை; விரிவுரை இல்லை. ஒவ்வொருவரும் தாமே ஒரு வலைப்பூ தொடங்கி, ஃபிளிக்கரில் படம் ஏற்றி, லைப்ரரிதிங் தளத்தில் நூற்பட்டியல் அமைத்து, யூடியூபில் காணொளி தேடி, தாம் கற்றதைத் தம் வலைப்பூவில் எழுத வேண்டும். புனைபெயரில் எழுதவும் இசைவு உண்டு. முழுவதும் முடித்தவர்களுக்குப் பாட்டுக் கேட்கும் சிறு கருவி பரிசு. குலுக்கலில் ஒருவருக்கு மடிக்கணினி.

இத்திட்டத்தின் நுட்பத்தை நாம் கவனிக்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் கற்பவருக்குரிய ஏழரைப் பழக்கங்கள் என்று ஒரு பாடம் தொடக்கத்திலேயே வைக்கப்பட்டது. அந்த அரைப் பழக்கம் எது தெரியுமா? விளையாட்டு! வயது முதிர்ந்த பின் புதியன கற்கத் தடையாயிருப்பது பெரும்பாலும் அறிவுக் குறைவன்று. பிறர் நகைப்பார்களோ என்னும் அச்சமே. விளையாடுகிற குழந்தைக்கு அவ்வச்சம் இல்லை. சிறு செயலாகப் பகுத்து, விளையாட்டாகச் செய்யச் சொன்னதால், கணினியைக் கண்டு தயங்கியவர்களும் துணிந்து கை வைத்தனர்.

பாடத்திட்டத்தை எவரும் எடுத்துத் தம் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்று அந்நூலகம் தாராளமாக அறிவித்தது. அதனால் அப்பாடங்கள் நாடு கடந்து பயணம் செய்தன. ஆத்திரேலியாவின் மெல்போர்ன் நகரப் பகுதியிலுள்ள யாரா பிளெண்ட்டி நூலகங்கள் தொடக்கத்திலேயே அவற்றை ஏற்றன. 2010ஆம் ஆண்டு பழம்பெரும் கேம்பிரிட்ஜ், ஆக்சுபோர்டு பல்கலைக் கழகங்களின் நூலகர்களும் இருபத்து மூன்று செயல்களைக் கற்க அமர்ந்தனர். அன்று கல்விக்காக அரங்கநாதன் கடல் கடந்தார்; இன்று கல்வியே கடல் கடந்து நூலகரின் மேசைக்கு வந்து சேர்கிறது.

கருவி மறையும், பழக்கம் நிலைக்கும்

அன்று கற்பிக்கப்பட்ட கருவிகள் சில இன்று வழக்கிலில்லை. இணைய முகவரிகளைக் குறித்து வைக்க உதவிய 'டெலிஷியஸ்' தளம் 2017ஆம் ஆண்டு கைமாறியதும் புதிய குறிப்புகளை ஏற்காது நின்றுபோயிற்று. அப்படியானால் அதைக் கற்றவரின் உழைப்பு வீணா? இல்லை. அறியாத கருவியை அஞ்சாமல் கையிலெடுக்கும் பழக்கம் அவரிடம் எஞ்சியது. அடுத்த கருவி வந்தபோது அவர் திகைக்கவில்லை.

இன்று நூலகரின் மேசைக்கு வேறொரு சோதனை வந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் கேட்டதற்கெல்லாம் நொடியில் விடை தருகின்றன. சில வேளைகளில் எவரும் எழுதாத நூலுக்கும் பெயரும் ஆசிரியரும் ஆண்டும் புனைந்து தருகின்றன. அதை நம்பி வரும் மாணவனிடம், "தம்பி, இப்படியொரு நூலே இல்லை, உனக்கு வேண்டியது இதோ இருக்கிறது" என்று சொல்ல, நூலையும் கருவியையும் ஒருங்கே அறிந்த ஒருவர் வேண்டும். அவர் இல்லையேல், அம்மாணவன் பொய்யை மெய்யென்று எண்ணியே வீடு திரும்புவான். அவன் நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உள்ளூர் நூலகத்திற்குச் செல்லுங்கள், உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள். நூலகரிடம் கேள்வி கேட்கப் பழக்குங்கள். உங்களுக்குத் தெரியாததைப் பிள்ளைகள் முன்னிலையில் நீங்களே கேளுங்கள்; கைப்பேசியில் அவர்கள் அறிந்ததை அவர்களிடம் கற்றுக்கொள்ளவும் தயங்காதீர்கள். நரைத்த தலையோடு தந்தையும் தாயும் கற்பதைக் காணும் பிள்ளைக்குக் கல்வியின் பெருமையைத் தனியே எடுத்துச் சொல்லத் தேவையில்லை.