ஒற்றன் முதுமை அடைவதுண்டோ?

புனே நகரின் சட்டக் கல்லூரிச் சாலையில், முன்னாளில் பிரபாத் ஸ்டூடியோ விளங்கிய மனையில், இன்று திரைப்படக் கல்வி நிலையம் நடைபெற்று வருகிறது. அதே சாலையில் 1964-இல் தோன்றி, பி. கே. நாயர் அவர்களின் அரும்பணியால் வளர்ந்த தேசியத் திரைப்படக் காப்பகமும் உண்டு. ஒரே கதாநாயகனின் பெயரால் பல்லாண்டுகள் தொடரும் ஒற்றர் படங்களை எண்ணும்போது இச்சாலை நினைவுக்கு வருகிறது. தனித்தனியே கண்ட காலத்தில் நாம் கவனியாத மாறுதல்கள், வரிசையாக வைத்துப் பார்க்கும்போதன்றோ புலனாகின்றன!

இவ்வகையில் மூத்தது ஜேம்ஸ் பாண்ட் வரிசை. 1962-இல் ‘டாக்டர் நோ’ தொடங்கி 2021-இல் ‘நோ டைம் டு டை’ முடிய இருபத்தைந்து படங்கள், நடித்தவர் அறுவர். பெயர் நிலைத்திருக்க, முகம் மாறுவது அவர்கள் கண்ட வழி. (1983-இல் வெளியான இவ்வரிசைப் படமொன்றின் படப்பிடிப்பு உதயப்பூருக்கு வந்தபோது, நம் சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜும் அதில் தோன்றினார்.) ஆயினும் முகத்தை மாற்றினால் மட்டும் போதவில்லை. 1989-க்குப் பின் ஆறாண்டுகள் படமே வரவில்லை. வழக்குகள் ஒரு காரணம். அவ்விடைவெளியில் பெர்லின் சுவர் வீழ்ந்தது; சோவியத் ஒன்றியமும் கலைந்தது. பழைய பகைவன் மறைந்தபின் ஒற்றனுக்கு என்ன வேலை? 1995-இல் வந்த ‘கோல்டன் ஐ’ இக்கேள்வியை மறைக்கவில்லை. ஒற்றனின் தலைமை அதிகாரி ஒரு பெண்மணி; பனிப்போர்க் காலத்தின் மிச்சம் நீ என்று அவனிடமே கூறிவிடுகிறார். வெளியார் சொல்லவிருந்த குறையைப் படமே முந்திக்கொண்டு சொல்லிவிட்டது. புதிய கருவிகளை அடுக்குவதினும் இதுவே மெய்யான புதுப்பித்தல் என்பது எம் கருத்து. 2006-இல் ‘காசினோ ராயல்’ அவனை முதற் பணிக்கே திருப்பி அனுப்பி, அடிபட்டால் நோகும் மனிதனாக்கியது.

நம் நாட்டில் நிலைமை வேறு. இங்கே பாத்திரத்தினும் நடிகர் பெரியவர். கன்னடத்தில் ராஜ்குமார் 1968-இல் ‘ஜேடர பலே’ வாயிலாகத் தொடங்கிய 999 வரிசை, 1978 வரை நான்கு படங்களாய் நடந்தது. அவரை நீக்கி அவ்வொற்றனை எவர் எண்ணுவார்? இதனால் பெயரை மட்டும் எடுத்தாள்வது இங்கே எளிதன்று. புனே கல்வி நிலையத்தில் பயின்ற ஸ்ரீராம் ராகவன் 2012-இல் இம்முயற்சியைச் செய்தார். 1977-இல் மகேந்திர சந்து நடித்த ‘ஏஜெண்ட் வினோத்’தின் பெயரைக் கொண்டு, சைஃப் அலிகானை வைத்து முற்றிலும் புதுக்கதை படைத்தார். எதிர்பார்த்த வரவேற்புக் கிட்டவில்லை. அதே இயக்குநர் 2018-இல், புனேயைக் களமாக்கி எடுத்த ‘அந்தாதுன்’ பெருவெற்றி கண்டது; அதில் ஒற்றன் எவனுமில்லை!

தமிழில் நேர்ந்தது இதற்கு மாறானது. 1986-இல் எழுத்தாளர் சுஜாதாவின் கதையில் கமல்ஹாசன் ‘விக்ரம்’ ஆனார். களவுபோன ‘அக்னிபுத்திரன்’ என்னும் ஏவுகணையைத் தேடிச் செல்லும் ஒற்றன் அவன். (மூன்றாண்டு கழித்து, 1989-இல், இந்தியா மெய்யாகவே ‘அக்னி’ ஏவுகணையைச் சோதித்தது.) முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின், 2022-இல், லோகேஷ் கனகராஜ் அப்பெயரையும் அந்நடிகரையும் ஒருங்கே மீட்டுவந்தார். முகம் மாறவில்லை, நரை கண்டிருந்தது. பகைவர் அயல்நாட்டு அரசரல்லர், போதைப்பொருள் வணிகர். காக்கப்பட வேண்டியதோ ஒரு பேரக் குழந்தை. உரத்த ஓசையே அதற்கு ஆபத்து. துப்பாக்கி முழங்கும் படத்தில் ஓசையையே அஞ்சவைத்தது நயமான ஏற்பாடு. பாண்ட் வழியில் ஒற்றனுக்கு வயது ஏறாமற் காக்கலாம். இவ்வழியில் வயதே கதையாகிறது. ஆனால் இதை ஒருமுறைதான் செய்ய இயலும்.

மேலும், பழைய படம் கண்முன் இருந்தாலன்றி இத்தகைய மீட்பு சுவைக்காது. அறுபதுகளின் ஒற்றர் படங்கள் பெரும்பாலும் அசிட்டேட் பிலிமில் உள்ளவை. வெப்பமும் ஈரமும் பட்டால் அது சுருங்கி, புளிக்காடி நெடி வீசத் தொடங்கும். தொடங்கிய சிதைவை மெதுவாக்கலாம், நிறுத்த முடியாது. ஆகவே குளிரூட்டிய அறைகளில் வைப்பதும், உரிய காலத்தே படியெடுப்பதும் புனேக் காப்பகத்தாரின் ஓயாத வேலையாக இருக்கின்றன.