கண்புரை அறிவோம்! கண்ணைக் காப்போம்!



எங்க வீட்டில் ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது என் வேலை. ஆயா வீட்டிலேயே உட்கார்ந்து ஷூ அப்பர் தைப்பாங்க. ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை, நிறைய வீட்டுத் திண்ணையில் அப்பர் மூட்டை இருக்கும். கருப்புத் தோல், கருப்பு நூல். ஓட்டை தெரியலன்னு ஆயா வாசலில் வெயிலுக்கு வந்து உட்காருவாங்க. ஒரு நாள் தையல் கோணல் என்று பன்னிரண்டு ஜோடி திரும்பி வந்துவிட்டது. கூலியும் போச்சு. "வயசாச்சு பாப்பா, கண்ணு இனிமே இப்படித்தான்" என்று ஆயா சொன்னாங்க. நாங்களும் நம்பிவிட்டோம். அது தப்பு. ஏன் தப்பு என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எத்தனை பேருக்குப் பார்வை இல்லை?

2015 முதல் 2019 வரை நம் நாட்டில் பார்வை பற்றி ஒரு தேசியக் கணக்கெடுப்பு நடந்தது. 50 வயது தாண்டியவர்களில் 100-க்கு 1.99 பேர், அதாவது ஏறக்குறைய 2 பேர், பார்வை இல்லாதவர்கள் என்று அதில் தெரிந்தது. ஆண்களில் இது 1.67, பெண்களில் 2.31. ஒரு ஊரில் 50 வயது தாண்டியவர்கள் 500 பேர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 10 பேருக்குப் பார்வை இருக்காது.

அந்தப் 10 பேரில் 6 அல்லது 7 பேருக்குக் காரணம் கண்புரைதான் (66.2 சதவீதம்). கண்புரையை ஆபரேஷன் செய்து சரிசெய்யலாம். அப்படியானால் அந்த 6, 7 பேரும் இருட்டில் இருக்க வேண்டியவர்களே இல்லை! இது நம் நாட்டில் மட்டும் இல்லை. சீனாவிலும் வயதானவர்கள் பார்வை இழக்க முதல் காரணம் கண்புரைதான்.

கண்புரை என்றால் என்ன?

பக்கத்தில் வரைந்துள்ள கண் படத்தைப் பாருங்கள். கருவிழிக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி தெளிவாக ஒரு லென்ஸ் இருக்கிறது. அது தண்ணீராலும் புரதத்தாலும் ஆனது. வயது ஆக ஆக அந்தப் புரதம் திரண்டு லென்ஸ் மங்கிவிடும். முட்டையின் வெள்ளைக்கரு பச்சையாக இருக்கும்போது தெளிவாக இருக்கும், வேகவைத்தால் வெள்ளையாகிவிடும் அல்லவா? அது போலத்தான். சர்க்கரை நோய், பீடி சிகரெட், கடும் வெயில், விறகு அடுப்புப் புகை ஆகியவை இருந்தால் கண்புரை சீக்கிரம் வரலாம்.

அறிகுறிகள்: பனிமூட்டம் போல் தெரியும். ராத்திரி பஸ் லைட்டைப் பார்த்தால் கண் கூசும். நிறங்கள் மங்கும். சிலருக்குத் திடீரென்று கண்ணாடி இல்லாமலே கிட்டத்தில் படிக்க முடியும். "தாத்தாவுக்குக் கண்ணு திரும்பி வந்துடுச்சு" என்று சந்தோஷப்படாதீர்கள், அதுவும் கண்புரையின் அறிகுறியாக இருக்கலாம்.

போர் விமானமும் கண் லென்சும்

கண்புரைக்குச் சொட்டு மருந்து கிடையாது. ஆபரேஷன்தான் வழி. முன்பெல்லாம் மங்கிய லென்சை எடுத்துவிட்டுச் சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்புவார்கள். இரண்டாம் உலகப்போரில் விமானம் உடைந்து சில விமானிகளின் கண்ணில் பிளாஸ்டிக் துண்டுகள் குத்திவிட்டன. அந்தத் துண்டுகளால் கண் புண்ணாகவில்லை என்பதை ஹரால்டு ரிட்லி என்ற இங்கிலாந்து டாக்டர் கவனித்தார். அதே மாதிரி பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து 1949-ல் முதன்முதலாக ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார்.

அந்த லென்ஸ் நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாத விலையில் இருந்தது. அதை எட்டும்படி செய்தது நம் தமிழ்நாடு. டாக்டர் கோ. வெங்கடசாமிக்கு முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களோடுதான் அவர் ஒரு லட்சத்துக்கும் மேல் ஆபரேஷன் செய்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992-ல் அவர்களே ஆரோலேப் என்ற கம்பெனி தொடங்கி லென்சைக் குறைந்த விலையில் தயாரித்தார்கள்.

நம்ம வேலூருக்கும் பெருமை உண்டு. ஆரணி ரோட்டில் இருக்கும் ஷெல் கண் ஆஸ்பத்திரி, 1902-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் பெண்களுக்காகத் திறந்த ஆஸ்பத்திரியின் இடம்தான். ஆஸ்பத்திரிக்கு வர முடியாத ஜனங்களைத் தேடி, கிராமத்துக்கே போய் கண் சிகிச்சை முகாம் நடத்தும் வழக்கமும் சி.எம்.சி.யில் பல வருஷமாக உண்டு.

எங்க ஆயா கதை

"கண்ணு இன்னும் முத்தட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது பழைய காலத்துப் பேச்சு. இப்போது முத்தும்வரை காத்திருக்க வேண்டாம். அன்றாட வேலைக்குத் தடையாக இருந்தாலே போதும்.

எங்க அறிவியல் டீச்சர் வகுப்பில் ஒரு சோதனை சொல்லிக்கொடுத்தார். 3 மீட்டர் தூரத்தில், அதாவது பத்தடி தள்ளி நின்று விரலைக் காட்ட வேண்டும். ஒரு கண்ணை மூடி, ஒவ்வொரு கண்ணாகப் பார்க்கச் சொல்ல வேண்டும். அன்று சாயங்காலமே ஆயாவுக்குச் செய்தேன். வலது கண்ணில் தடுமாறித் தடுமாறிச் சொன்னாங்க. இடது கண்ணில் ஒன்றுமே சொல்லவில்லை. "விரலைக் காட்டு பாப்பா" என்றாங்க. நான் காட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஒரு கண் போனதே ஆயாவுக்குத் தெரியவில்லை. இன்னொரு கண் அதை மறைத்துவிட்டது.

ஆயா ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றாங்க. "கூலி போயிடும், கூட யாரு வருவா?" என்று கேட்டாங்க. அம்மா ஷூ கம்பெனிக்கு லீவு போட்டு, தை மாசம் முகாம் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனாங்க. வலது கண்ணில் கண்புரை. ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து அரை மணிக்குள் ஆபரேஷன் முடிந்துவிட்டது. மறுநாள் கட்டைப் பிரித்ததும் ஆயா என் அம்மாவைப் பார்த்து, "என்னாடி இப்படி இளைச்சுட்ட?" என்று கேட்டாங்களாம்.

ஆனால் இடது கண்ணில் கண்புரையோடு கண் நீர் அழுத்த நோயும் இருந்தது. அந்த அழுத்தம் பார்வை நரம்பைக் கெடுத்துவிடும். கெட்ட நரம்பை எந்த ஆபரேஷனாலும் திருப்ப முடியாது. "ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமே" என்று டாக்டர் சொன்னாராம். அந்த ரெண்டு வருஷமும் நான்தான் தினமும் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன். ஏன் ஆயாவுக்குத் தெரியவில்லை என்று ஒரு நாளும் நான் கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாம் என்ன செய்யலாம்?

1. இன்றைக்கே வீட்டில் தாத்தா, ஆயாவுக்கு விரல் சோதனை செய்யுங்கள். ஒவ்வொரு கண்ணாக! விரலைச் சரியாகச் சொன்னாலும், பார்வை மங்கல் என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.
2. 40 வயது தாண்டியவர்கள் கண் நீர் அழுத்தத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோய் இருந்தால் வருஷம் ஒருமுறை விழித்திரையையும் பார்க்க வேண்டும்.
3. தாய்ப்பால், இலைச்சாறு எதையும் கண்ணில் விடக்கூடாது.
4. அரசு ஆஸ்பத்திரியில் கண்புரை ஆபரேஷன் இலவசம். பணம் இல்லை என்று பயப்பட வேண்டாம்.
5. கூட ஒருவர் போங்கள். பல ஆயாக்கள் போகாததற்குக் காரணம் கூட்டிப்போக ஆள் இல்லாததுதான்.

கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்பார்கள். நம் வீட்டில் அப்படி ஆக வேண்டாம்.

இப்போது ஆயா ஒரு கண்ணால் தானே ஊசியில் நூல் கோக்கிறாங்க. என் வேலை போய்விட்டது. எனக்குச் சந்தோஷம்தான்!



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி