கைடிடம் சேரும் முன்

பிஎச்.டி. சேர நினைப்பவர் முதலில் விசாரிப்பது, "யாரிடம் வேகன்சி இருக்கு?" என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மட்டுமே நெறியாளராக இருக்கலாம். ஆனால் அந்த இடம் எப்படிக் காலியானது என்று பலரும் கேட்பதில்லை. முன்பு இருந்தவர் பட்டம் வாங்கிப் போனாரா, பாதியில் விட்டுப் போனாரா?

இதை ஓரளவு வீட்டிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளை இன்ஃப்ளிப்நெட் மையம் 'ஷோத்கங்கா' என்ற இணையக் களஞ்சியத்தில் சேர்த்துவைக்கிறது. நீங்கள் மனதில் வைத்திருக்கும் நெறியாளரின் பெயரை அங்கே போட்டுத் தேடுங்கள். எல்லா ஆய்வேடும் அதில் ஏறியிருக்காது; இருப்பதே போதும். இரண்டு ஆய்வேடுகளைத் திறந்து பொருளடக்கங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று 'இன்னாரின் நாவல்களில் பெண்கள்', மற்றொன்று 'வேறொருவரின் நாவல்களில் பெண்கள்'. இயல் தலைப்புகள் வரிக்கு வரி அதேதான் என்றால், அங்கே உங்களுக்கும் ஒரு நாவலாசிரியர் பெயர் ஒதுக்கப்படும், அவ்வளவே. அறிவியல் துறையானால் கட்டுரைகளைப் பாருங்கள். வேலை செய்த மாணவர் பெயர் முதலில் வருகிறதா, நான்காவதாக வருகிறதா?

அடுத்து, ஓய்வுக் கணக்கு. சங்கடப்பட்டுக்கொண்டு இதை யாரும் கேட்பதில்லை. ஓய்வுக்கு மூன்று ஆண்டுகளுக்கும் குறைவாக உள்ளவர் புதியவர்களைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. நான்கு ஆண்டுகள் மீதமிருப்பவர் சேர்க்கலாம். ஆனால் ஓய்வுக்குப் பிறகு அவர் இணை நெறியாளராக மட்டுமே, அதுவும் 70 வயது வரைதான் தொடர முடியும். ஆய்வுக்கான உச்சவரம்போ 6 ஆண்டுகள். ஆகவே கடைசிக் கட்டத்தில், உங்கள் தலைப்பையே கேள்விப்பட்டிராத ஒருவர் நெறியாளராகக் கையெழுத்துப் போடும் நிலை வரலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகு, அவரிடம் இப்போது ஆய்வு செய்கிறவர்களைச் சந்தியுங்கள். துறைக்குள் வேண்டாம், வெளியே டீக்கடையில். "சார் எப்படி?" என்று கேட்டால் "ரொம்ப நல்லவர்" என்றுதான் பதில் வரும். அவர் கையெழுத்து இல்லாமல் அவர்களுக்கு உதவித்தொகைகூட நகராது, வேறென்ன சொல்வார்கள்? கேள்வியைச் சின்னதாக்குங்கள். போன இயலைக் கொடுத்து எத்தனை நாளில் திரும்பி வந்தது? திருத்தம் எங்கே இருந்தது, எழுத்துப்பிழையிலா, வாதத்திலா? விடைத்தாள் திருத்துவது, கருத்தரங்குக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்வது, வீட்டுக்குக் கரண்ட் பில் கட்டுவது எல்லாம் யார் வேலை? பெண்கள் இன்னொன்றையும் பெண் ஆய்வாளர்களிடமே கேட்டுக்கொள்வது நல்லது: தனியாகப் போய்ச் சந்திக்கத் தயக்கம் உண்டா? பதிலுக்கு முன் வரும் மௌனமும் பதில்தான்.

பெரிய பெயர்களைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. சிண்டிகேட், தேர்வுக் குழு, வெளிநாட்டுப் பயணம் என்று சுற்றும் பேராசிரியரைவிட, நான்கே பேரை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படிக்கும் இளம் உதவிப் பேராசிரியர் பல நேரங்களில் மேல். பெரியவரின் சிபாரிசுக் கடிதத்துக்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஆய்வேட்டை முடித்தால்தானே கடிதம்!

சேர்ந்த பிறகு ஒத்துவராவிட்டால் நெறியாளரை மாற்றிக்கொள்ள வழி உண்டு. பெரும்பாலும் பழைய நெறியாளரின் சம்மதக் கையெழுத்து, புதியவரிடம் காலியிடம், பல்கலைக்கழக ஒப்புதல் மூன்றும் கூடிவர வேண்டும். முதல் கையெழுத்துக்கே பலருக்கு மாதக்கணக்கில் ஆகிறது. மாறுவதென்றால் முதல் ஆண்டிலேயே, தலைப்பு உறுதியாவதற்குள் மாறிவிடுங்கள். தரவெல்லாம் சேர்த்த பிறகு கிளம்பினால், அது யாருடையது என்ற பஞ்சாயத்தும் கூடவே வரும்.