‘ஆல்ரைட்?’ என்று கேட்டால் என்ன பதில்?

ஆங்கிலத்தில் ஒருவரைச் சந்தித்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டால், நம் மாணவர்கள் ‘ஹலோ’, ‘குட் மார்னிங்’, ‘ஹவ் ஆர் யூ’ என்று ஒப்பித்துவிடுவார்கள். இங்கிலாந்தின் கடைத்தெருவிலோ இது வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுகிறது. உயர்நிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் நான், இந்த வேறுபாடுகளை வகுப்பில் அவ்வப்போது பேசுவதுண்டு.

வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ‘ஏ அப்’ என்பார்கள். ‘நவ் தென்’ என்றும் சொல்வார்கள். பின்னதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘இப்போது அப்போது’ என்று வரும். உண்மையில் அது வணக்கம்தான். டெர்பி, நாட்டிங்காம் பக்கம் ‘ஏ அப், மீ டக்’. டக் என்றால் வாத்து என்று மாணவர்கள் சிரிப்பார்கள். அங்கே அது ஆண், பெண் பாராமல் அன்போடு அழைக்கும் சொல். நியூகாசிலில் ‘பெட்’, பிரிஸ்டல் பக்கம் ‘மை லவர்’. பின்னதற்கும் காதலுக்கும் தொடர்பில்லை.

பல ஊர்களிலும் கேட்கும் ‘ஆல்ரைட்?’ கேள்விபோல் ஒலிக்கும். கேட்பவர் நம் உடல்நிலை விவரத்தை எதிர்பார்ப்பதில்லை. ‘ஆல்ரைட்’ என்று திருப்பிச் சொன்னால் போதும். நம் ஊரில் ‘என்ன, சாப்பிட்டாச்சா?’ என்பவரும் என்ன குழம்பு என்று அறிய விரும்புவதில்லை அல்லவா?

அன்றாடச் சொற்களும் இப்படியே. வடக்கில் பலருக்கு ‘டின்னர்’ நண்பகல் உணவு. ‘டீ’ என்பது மாலையில் உண்ணும் முழுச் சாப்பாடு. ‘நௌட்’ என்றால் ஒன்றுமில்லை, ‘ஔட்’ என்றால் ஏதேனும். இவை கொச்சையாகச் சிதைந்தவை அல்ல. பழைய ஆங்கிலச் சொற்களின் தொடர்ச்சி. விளையாடுவதைக் குறிக்கும் ‘லேக்’, 9ஆம் நூற்றாண்டு முதல் அங்கே குடியேறிய ஸ்காண்டிநேவியர் மொழியிலிருந்து வந்தது. ஸ்வீடனில் இன்றும் விளையாடுவது ‘லேகா’தான்.

இச்சொற்களைத் தொகுத்தவர்களில் முதன்மையானவர் ஜோசப் ரைட். யார்க்‌ஷயரில் சிறுவயதிலேயே ஆலை வேலைக்குப் போனவர். சுமார் 15 வயது வரை எழுதப் படிக்கத் தெரியாதவர். பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளாக ஆங்கில வட்டார வழக்கு அகராதியை வெளியிட்டார். பள்ளிக்கு வெளியே அவர் பேசி வளர்ந்த மொழி, அவருடைய ஆய்வுக்கே மூலதனமாயிற்று. அதன்பின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹெரால்டு ஆர்ட்டன் தலைமையிலான ஆய்வுக் குழு, 1950 முதல் 1961 வரை 313 இடங்களுக்குச் சென்று முதியோரின் பேச்சைப் பதிவு செய்தது.

இதில் நமக்கு என்ன பாடம்? முதல் வகுப்புக் குழந்தை வீட்டுப் பேச்சில் பதில் சொல்லும்போது ‘தப்பு’ என்று சொல்லிவிட்டால், அடுத்த முறை அது கையைத் தூக்காது. ‘வீட்டில் இப்படிச் சொல்கிறோம், எழுதும்போது இப்படி எழுதுகிறோம்’ என்றால் இரண்டையும் கற்றுக்கொள்ளும். என் வகுப்பில் ஒரு தாளை இரண்டு பத்திகளாகப் பிரிக்கச் சொல்கிறேன். இடப்பக்கம் தாத்தா, பாட்டியிடம் கேட்டறிந்த ஊர்ச்சொல். வலப்பக்கம் அதற்குரிய பொதுத்தமிழ்ச் சொல். அதன் பிறகு யார்க்‌ஷயர் சொற்களைச் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை. ‘அங்கேயும் இப்படித்தானா, சார்?’ என்றே கேட்கிறார்கள். தொடக்க வகுப்புகளில் இதையே வாய்மொழியாகச் செய்து பார்க்கலாம்.