முள் சொல்லாத சூடு

டீசல் எஞ்சினில் எரியும் எண்ணெயின் ஆற்றலில், நல்ல சூழ்நிலையிலும்கூட, ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்குதான் வண்டியை இழுக்கும் வேலையாக மாறுகிறது. மிச்சம் முழுவதும் வெப்பம். அதில் ஒரு பகுதி புகைக்குழாய் வழியே போய்விடும். இன்னொரு பகுதியைக் கூலண்டும் எஞ்சின் ஆயிலும் சுமந்து வெளியேற்ற வேண்டும். சிலிண்டருக்குள் எரியும் வாயு கண நேரம் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அலுமினியமோ 660 டிகிரியில் உருகக்கூடியது. அலுமினிய பிஸ்டன்கள் அப்படியும் பிழைத்திருக்கக் காரணம், அந்த வெப்பம் தங்குவதற்கு முன்பே வளையங்கள் வழியாகச் சிலிண்டர் சுவருக்கும், அடியிலிருந்து பீய்ச்சியடிக்கப்படும் ஆயிலுக்கும் கடத்தப்பட்டுவிடுவதுதான். இந்தக் கடத்தல் எங்கே தடைபட்டாலும் சேதம் தொடங்கிவிடும்.

சாதாரணக் கார் தன் முழுச் சக்தியையும் எப்போதாவது சில விநாடிகள்தான் செலவிடுகிறது. பின்னால் கனத்த டிரெய்லரைக் கட்டிக்கொண்டு மேடு ஏறும் பிக்கப்புக்கு அந்தச் சலுகை கிடையாது. கால் மணி நேரம்கூடத் தொடர்ந்து முழு வேகத்தில் எண்ணெய் எரிக்க நேரும். அமெரிக்காவில் பிக்கப்களின் இழுதிறனை அளப்பதற்கான எஸ்ஏஈ ஜே2807 என்ற தர அளவுகோல் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் அமைந்திருக்கிறது. அரிசோனா மாநிலத்தில் கொலராடோ ஆற்றின் டேவிஸ் அணையருகே தொடங்கும் சுமார் 18 கிலோமீட்டர் ஏற்றத்தை, வெளியே 38 டிகிரிக்குக் குறையாத வெயிலில், ஏசியை முழுவதும் திறந்துவைத்து, முழுப் பாரத்துடன் ஏற வேண்டும். வண்டி பழுதாகக் கூடாது. கூலண்டை வெளியே கக்கவும் கூடாது.

இப்படிப்பட்ட வண்டியிலும் ஓட்டுநரின் கண்ணெதிரே இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு வெப்ப முள்தான். அந்த முள் உண்மையை அப்படியே காட்டுவதும் இல்லை. முள் சற்று ஆடினாலே வாடிக்கையாளர் பதறிப்போய்ப் பட்டறைக்கு வருவதால், பல நிறுவனங்கள் அதை நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கின்றன. கூலண்ட் 85 டிகிரியில் இருந்தாலும் 100 டிகிரியை எட்டினாலும் முள் அசையாது. அசையத் தொடங்கும்போது நேரம் கடந்திருக்கும். இதைவிட மோசமான நிலை ஒன்றும் உண்டு: குழாய் வெடித்துக் கூலண்ட் கொட்டிப்போனால், உணரி திரவத்தைத் தொடாமல் வெறும் ஆவியில் தொங்கும். அப்போது முள் திடீரெனக் கீழே இறங்கக்கூடும். எஞ்சின் குளிர்ந்துவிட்டது என்று அதை நம்பி ஓட்டுபவர் எஞ்சினை இழப்பார்.

ஆகவே, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் சிறு கருவியைச் செருகி, எஞ்சின் கணினி பார்க்கும் எண்களைத் தாமும் பார்ப்பது பிக்கப் உரிமையாளர்களிடையே வழக்கமாயிற்று. கூலண்ட், எஞ்சின் ஆயில், எக்ஸாஸ்ட், கியர்பாக்ஸ் ஆயில் ஆகிய நான்கின் வெப்பமும் தெரிந்தால் போதும். இவற்றைத் தனித்தனியாகப் பார்ப்பதைவிட ஒன்றுக்கொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதே பயனுள்ளது. இதற்கு ஃபோர்டு பிக்கப்களில் வந்த 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் எஞ்சினைவிட நல்ல பாடம் இல்லை.

நேவிஸ்டார் நிறுவனம் தயாரித்து, 2003 முதல் 2007 வரை ஃபோர்டின் சூப்பர் டியூட்டி பிக்கப்களில் பொருத்தப்பட்ட வி8 எஞ்சின் அது. சக்திக்குக் குறைவில்லை; பெயர்தான் கெட்டுப்போனது. பிரச்சினையின் வேர் எஞ்சின் நடுப்பள்ளத்தில் ஆயில் ஃபில்ட்டருக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஆயில் கூலர். அடுக்கடுக்கான தகடுகளுக்கிடையே, ஒரு பக்கம் ஆயிலும் மறுபக்கம் கூலண்டும் மிகக் குறுகிய பாதைகளில் ஓடுகின்றன. வார்ப்பின்போது தங்கிய மணல் துகளும், பழைய கூலண்டிலிருந்து பிரியும் கொழகொழப்பான சிலிகேட் படிவும் அந்தப் பாதைகளை மெல்ல அடைத்துவிடுகின்றன.

அடைபட்டால் ஆயில் சூடாவது முதல் விளைவு. அடுத்தது அதைவிடக் கடுமையானது. ஆயில் கூலரைத் தாண்டி வரும் அதே கூலண்ட்தான், எஞ்சினுக்குத் திருப்பி அனுப்பப்படும் புகையைக் குளிர்விக்கும் ஈஜிஆர் கூலருக்கும் போக வேண்டும். வரத்து குறைந்ததும் அங்கே மிஞ்சிய கூலண்ட் கொதித்து, உலோகம் வெடித்து, கூலண்ட் எஞ்சினுக்குள்ளேயே கசியும். வெள்ளைப் புகையும் கூலண்ட் தொட்டி கக்குவதும் இதன் அடையாளங்கள். இந்த எஞ்சினில் சிலிண்டர் ஒன்றைச் சுற்றி ஹெட்டைப் பிடித்திருப்பவை நான்கு போல்ட்டுகள்தான், முந்தைய 7.3 லிட்டர் எஞ்சினில் ஆறு. அழுத்தம் எகிறும்போது போல்ட்டுகள் நீண்டு கொடுக்க, ஹெட் கேஸ்கட்டும் போய்விடும்.

இவ்வளவு நடப்பதற்கு நெடுநாள் முன்பே எண்களில் எச்சரிக்கை தெரியும். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, சமதளச் சாலையில் மணிக்கு நூறு கிலோமீட்டரை ஒட்டிய சீரான வேகத்தில் ஓட்டும்போது, ஆயில் வெப்பம் கூலண்டைவிடச் சில டிகிரி மட்டுமே அதிகமாக இருக்க வேண்டும். இடைவெளி 15 ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 8 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஆயில் கூலர் அடைபட ஆரம்பித்துவிட்டது என்று பொருள். கூலண்ட் 90 டிகிரி, ஆயில் 104 டிகிரி என்றால் இரண்டு எண்களும் தனித்தனியே அபாயமில்லாதவைதான். நோயைச் சொல்வது நடுவிலுள்ள 14. அந்தக் கட்டத்தில் ஆயில் கூலரை மாற்றி, கூலண்ட் பாதையைக் கழுவிவிட்டால், ஹெட் கழற்றும் செலவு மிச்சம். ஈஜிஆர் கூலரையே அகற்றிவிடுவோரும் நிறைய உண்டு. பலருக்கு அது பலன் தந்திருக்கலாம், ஆனால் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டப்படி அது சட்டமீறல்.

எக்ஸாஸ்ட் வெப்பத்தின் இயல்பு வேறு. கூலண்ட் சூடேற நிமிடங்கள் ஆகும். எக்ஸாஸ்ட் விநாடிகளில் ஏறும். அதை அளப்பது தெர்மோகப்பிள் பொருத்திய பைரோமீட்டர். டர்போவுக்கு முன்பாக அதைப் பொருத்துவதே சரி. டர்போவைத் தாண்டியபின் பாரத்தில் நூறு, இருநூறு டிகிரி குறைவாகக் காட்டும். டர்போவுக்கு முன் ஏறத்தாழ 675 டிகிரியைத் தொடர்ந்து தாண்டவிடக் கூடாது என்பது ஓட்டுநர்கள் வைத்திருக்கும் பொதுவான எல்லை. 2007–08 முதல் புகைவடிகட்டியோடு வந்த வண்டிகளில், வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்கும் நேரத்தில் பாரமே இல்லாவிட்டாலும் 600 டிகிரியை நெருங்கலாம். அது கோளாறு அல்ல.

காற்றுக்குப் பொருந்தாத அளவு டீசல் பாய்ந்தால் எக்ஸாஸ்ட் கொதிக்கும். மேட்டில் பெரிய கியரிலேயே ஆக்ஸிலரேட்டரை அழுத்திக்கொண்டிருந்தால் நடப்பது இதுதான்: எஞ்சின் மெதுவாகச் சுற்ற, டர்போவால் போதிய காற்றைத் தள்ள முடியாது. ஒரு கியர் இறக்கி, காலைச் சற்றுத் தளர்த்தினால் சுழற்சி கூடும், காற்று கூடும், தண்ணீர் பம்ப்பும் விசிறியும் வேகமெடுக்கும். எஞ்சின் கதறுவது போலக் கேட்கும் அந்தச் சத்தத்துக்குப் பயந்து கியரை இறக்காதவர்களே எஞ்சினை அதிகம் வதைக்கிறார்கள்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் 80 முதல் 95 டிகிரி வரை இருப்பது இயல்பு. எஞ்சின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் பூட்டிக்கொள்ளாமல் வழுக்கும் மெதுவான ஏற்றங்களில்தான் அது ஏறும். இங்கும் கியர் இறக்குவதே மருந்து.

பராமரிப்பில் கவனம் வேண்டியவை சின்னச் சின்னப் பொருள்கள். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால்தான் பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் 120 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் 107 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் இடையில் சேரும் தூசியும் பூச்சியும் வெளியிலிருந்து தெரியாது. விசிறியின் விஸ்கஸ் கிளட்ச் தேய்ந்தால் சமதள நெடுஞ்சாலை வேகத்தில் கோளாறு தெரியாமல், மெதுவாக மேடு ஏறும்போது வெளிப்படும். நம் ஊர்ப் பட்டறைகளில் சூட்டுக்கு வைத்தியமாகத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கம் உண்டு. அதனால் எஞ்சின் உரிய சூட்டை எட்டாமலே ஓடி, டீசல் வீணாகி, சிலிண்டர் தேய்மானம் கூடும். அடைபட்ட ரேடியேட்டர் அடைபட்டபடியே இருக்கும்.

வழியில் சூடு ஏறிவிட்டால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுவதும் திறந்து, பாரத்தைக் குறைத்து ஓரங்கட்ட வேண்டும். கூலண்ட் கொட்டியிருந்தால் எஞ்சினை உடனே அணைக்க வேண்டும். கொட்டவில்லை என்றால் நியூட்ரலில் சற்று அதிகச் சுழற்சியில் ஓடவிட்டால் பம்ப்பும் விசிறியும் வெப்பத்தை வெளியேற்றும். மேடு ஏறி முடித்த வண்டியையும் எக்ஸாஸ்ட் 150 டிகிரி அளவுக்கு இறங்கும்வரை ஐடிலிங்கில் விட்டே அணைக்க வேண்டும். இல்லையேல் டர்போ தண்டில் நின்றுபோன ஆயில் கரியாகிவிடும். ரேடியேட்டர் மூடியை, மேல் குழாயைக் கையால் தயக்கமின்றிப் பிடிக்க முடிகிற வரை தொடக் கூடாது.