வேலியே பயிரை மேயும் நோய்

நீரிழிவு என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுபவர் நடுவயதைக் கடந்த ஒருவரே. சீனியைக் குறைத்து, சோற்றை அளந்துண்டு, மாலையில் உலாவச் செல்லும் அவரைப் பற்றியிருப்பது இரண்டாம் வகை நீரிழிவாகும். நம் நாட்டிலும் பிற நாடுகளிலும் பெரும்பாலாரிடத்துக் காணப்படுவது அதுவே. அதனின் வேறாய், சிறுவரையும் இளைஞரையும் பெரிதும் பற்றுவதாய், முதலாம் வகை நீரிழிவு என்றொன்றுண்டு. முன்னையதில் இன்சுலின் சுரப்பினும் உடல் அதற்குச் செவ்வனே இணங்குவதில்லை. நாளடைவிற் சுரப்பும் குறைகின்றது. பின்னையதிலோ இன்சுலினைச் சுரக்கும் கலங்களே அழிந்துபோகின்றன. அவற்றை அழிப்பது வெளியிலிருந்து வந்த பகையன்று; உடலைக் காத்தற்கென அமைந்த நிர்ப்பீடன ஆற்றலே அதனைச் செய்கின்றது. வேலியே பயிரை மேய்ந்த கதை இது. வேலி ஏன் அவ்வாறு செய்கின்றது என்பதையும், அதிற் பிறப்புக்கும் சூழலுக்கும் உள்ள பங்கு யாது என்பதையும் ஈண்டு நோக்குவாம்.

1869 ஆம் ஆண்டிற் பேர்லின் நகரில் மருத்துவ மாணவராயிருந்த போல் லாங்கர்கான்ஸ், சதையியினுள் ஆங்காங்கே திட்டுத் திட்டாய்க் கிடக்கும் கலக்கூட்டங்களை விவரித்தார். அவை பின்னர் அவர் பெயராலேயே சிறுதீவுகள் என வழங்கலாயின. 1889 இல் மின்கோவ்ஸ்கியும் வொன் மேரிங்கும் நாயொன்றின் சதையியை அகற்றியபோது அதற்கு நீரிழிவு உண்டாயிற்று. 1921 இல் ரொறன்ரோவிலே பான்ரிங், பெஸ்ற் என்போர் தொடங்கிய ஆராய்ச்சியின் பயனாய், 1922 சனவரியில் லெனாட் தொம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் ஊசி மூலம் ஏற்றப்பட்டது. அதுகாறும் இந்நோய் கண்ட சிறுவர் சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ இறத்தலே வழக்கமாயிருந்தது.

இன்சுலின் உயிரைக் காத்தது. ஆயின் அது ஏன் அற்றுப்போயிற்று என்ற வினா எஞ்சி நின்றது. நோய் கண்டு சின்னாளில் இறந்தவர்களின் சதையியை நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்த பெல்ஜிய அறிஞர் வில்லி கெப்ற்ஸ், சிறுதீவுகளைச் சூழ்ந்தும் ஊடுருவியும் நிணநீர்க்குழியங்கள் நிற்றலைப் பலரிடத்துக் கண்டு 1965 இல் வெளியிட்டார். 1974 இல் இலண்டனிற் பொற்றாற்சோவும் டோனியாக்கும் அவர்தம் துணைவரும், சிறுதீவுக் கலங்களுக்கு எதிரான பிறபொருளெதிரிகளைக் குருதியிற் கண்டறிந்தனர். வேலியின் குற்றம் இவ்வாறு வெளிப்படலாயிற்று.

நிர்ப்பீடனத்தின் முதற்பணி, தன்னையும் பிறிதையும் பகுத்தறிதலாகும். நெஞ்சறையிலுள்ள தைமசுச் சுரப்பி இதற்கு ஒரு பள்ளிக்கூடம் போன்றது. தன் உடலையே தாக்கும் இயல்புடைய ரீ-நிணநீர்க்குழியங்களை அது பெரும்பாலும் அங்கேயே அழித்துவிடுகின்றது. தப்பிச் செல்லும் சிலவற்றை அடக்கிவைத்தற்கென வேறு குழியங்களும் உள. இவ்விரு காவலும் தளருமிடத்து, தப்பியவை இன்சுலினைச் சுரக்கும் பீற்றாக் கலங்களைப் பகையெனக் கருதித் தாக்குகின்றன. கொலைத்தொழிலைப் பெரிதும் செய்வன இக்குழியங்களே. பிறபொருளெதிரிகள் அத்தொழில் நடைபெறுதலை உணர்த்தும் அடையாளங்கள் எனலாம். இவ்வழிவு மாதக் கணக்காகவோ ஆண்டுக் கணக்காகவோ அரவமின்றி நடக்கின்றது. அத்தகைய பிறபொருளெதிரிகளில் இரண்டோ பலவோ காணப்படும் சிறுவருள், நூற்றுக்கு 70 பேரளவிற் பத்தாண்டுக்குள் நோய்வாய்ப்படுகின்றனர்.

இனி, பிறப்பின் பங்கைக் காண்போம். ஆறாவது நிறமூர்த்தத்தில் எச்.எல்.ஏ. எனப்படும் பரம்பரையலகுத் தொகுதியொன்று உண்டு. புரதத் துணுக்குகளை ஏந்தி நிணநீர்க்குழியங்களுக்குக் காட்டும் மூலக்கூறுகளை ஆக்குவது அதுவே. அவற்றுள் டீ.ஆர்.3, டீ.ஆர்.4 என்னும் வகைகளைப் பெற்றோர்க்கு இந்நோய் வரும் வாய்ப்பு மிகுதி. வேறு சில வகைகளோ நோயினின்றும் காப்பளிப்பன. ஆயினும் பரம்பரை என்பது விதியன்று. ஒரே கருவிலிருந்து தோன்றிய இரட்டையருள் ஒருவர்க்கு நோய் வந்தபின்னும் மற்றவர் பல்லாண்டு நலமாயிருத்தல் உண்டு. அவர்க்கு அது வாராமலே போதலும் உண்டு. இந்நோயுள்ள தந்தையின் பிள்ளைகளுள் நூற்றுக்கு ஆறு பேரளவினருக்கும், தாயின் பிள்ளைகளுள் அதிலும் குறைந்தோர்க்குமே இது வருகின்றது. மேலும், புதிதாய் நோய்வாய்ப்படுவோர் பதின்மருள் எண்மர்க்கு மேற்பட்டோர் குடும்பத்தில் இந்நோய் முன்பு இருந்ததேயில்லை.

சூழலின் பங்கைத் தெளிவாய்க் காட்டும் நாடு பின்லாந்து. 1950 களின் தொடக்கத்தில் அங்கே 15 வயதுக்குட்பட்ட சிறுவர் இலட்சம் பேருள் ஆண்டுக்கு 12 பேரளவிற் புதிதாய் இந்நோய் கண்டனர். 2000 களின் நடுப்பகுதியில் அத்தொகை 60 ஐக் கடந்தது. ஐம்பது ஆண்டுக்குள் ஒரு நாட்டு மக்களின் பரம்பரையலகுகள் இத்துணை மாறுதல் இயலாது. மாறியது வாழ்க்கைச் சூழலே. எல்லைக்கு அப்பால் ரஷ்யாவிலுள்ள கரேலியாப் பகுதி இதற்கு மற்றுமொரு சான்று. இருபுறத்தாரிடையும் நோய்க்கு ஏதுவான பரம்பரையலகுகள் ஏறத்தாழ ஒத்திருப்பினும், 1990 களில் பின்லாந்திலே நோய் ஆறு மடங்கு மிகுந்து காணப்பட்டது.

அச்சூழலில் உள்ள ஏது யாது? கொக்சாக்கி முதலிய குடல் வைரசுகள் மீது வலுத்த ஐயமுண்டு. கரேலியச் சிறுவர் கிருமிகளோடு மிகுதியும் பழகுதலால் அவர்தம் நிர்ப்பீடனம் இளமையிலேயே பண்பட்டு, தன்னைத் தாக்காதிருக்கப் பயில்கின்றது என்பது ஒரு கொள்கை. இந்நோய்க்கு இயல்பாகவே ஆளாகும் ஓரின எலிகளுள், கிருமியற்ற தூய கூடுகளில் வளர்வனவற்றையே நோய் மிகுதியாய்ப் பற்றுதல் இதற்குத் துணைநிற்கும். பசுப்பாற் புரதத்தின் மீதும் ஐயம் எழுந்தது. 15 நாடுகளிற் குழந்தைகளுக்கு அப்புரதத்தைச் சிதைத்து ஊட்டிச் சோதித்ததில், நோய் குறையவில்லை என்பது 2018 இல் வெளியாயிற்று. ஐயம் வேறு, முடிபு வேறு என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

இவ்வறிவு வெறும் ஏட்டறிவன்று. பிள்ளைக்கு இனிப்பை மிகுதியாய்க் கொடுத்ததனால் வந்த நோய் என்று தாயைக் குறைகூறுவோர் உளர். அப்பழி பொய்ப்பழி, இனிப்பு உண்டதனாற் பீற்றாக் கலங்கள் பகையாவதில்லை. அன்றியும், அடங்காத் தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், உண்டும் மெலிதல், காரணமின்றிச் சோர்தல் ஆகியவை ஒரு மாணவனிடத்துத் தோன்றின், அவற்றைக் குறும்பு என்றோ சோம்பல் என்றோ ஆசிரியர் கொள்ளலாகாது. அன்றே குருதியிலுள்ள குளுக்கோசைச் சோதிப்பித்தல் வேண்டும். காலந் தாழ்ப்பின் குருதி அமிலத்தன்மை மிகுந்து, வாந்தியும் மூச்சிரைப்பும் மயக்கமும் ஏற்பட்டு, உயிருக்கே இறுதி நேரும். நோய் உறுதியானபின் எவர் சொற்கேட்டும் இன்சுலினை நிறுத்துதல் ஆகாது.

வேலியைத் திருத்தும் முயற்சியும் தொடங்கிவிட்டது. நிணநீர்க்குழியங்களை அடக்கும் டெப்ளிசுமாப் என்னும் மருந்து, நோய் வெளிப்படுதலைச் சராசரியாக இரண்டாண்டு தாழ்த்தக் கண்டு, 2022 இல் அமெரிக்க நாட்டில் அனுமதிக்கப்பட்டது. ஒரு பிள்ளை ஊசியின்றிக் கழிக்கும் இரண்டாண்டு சிறிதன்று. எனினும் இன்று உயிர் காப்பன இன்சுலினும் விழிப்புமே. அவ்விழிப்பு, பிள்ளை நாளெல்லாம் இருக்கும் வீட்டிலும் வகுப்பறையிலும் தொடங்குதல் வேண்டும்.