கேஸ் ஏற்றுவதற்கு முன்

சென்னையில் கார் ஏசி குளிரவில்லை என்றதும் வாயில் வரும் முதல் பேச்சு, "கேஸ் தீர்ந்துடுச்சு, ஏத்திடலாம்" என்பதுதான். கார் வைத்திருப்பவரும் அதையே சொல்கிறார். பல கடைகளில் மெக்கானிக்கும் அதையே சொல்கிறார். ஏற்றியதும் காற்று சில்லென்று வருகிறது. இரண்டு வாரமோ இரண்டு மாதமோ கழித்துப் பழையபடி அனல். மறுபடி கேஸ், மறுபடி பணம். பெட்ரோலைப் போல ஓட ஓடச் செலவாகிற பொருள் என்று அதை எண்ணிவிட்டதால் வந்த வினை இது. ஏசியில் இருக்கும் கேஸ் எரிவதில்லை, செலவாவதில்லை. ஏறத்தாழ அரை கிலோ கேஸ், மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. ரப்பர் குழாய்கள் வழியாக ஆண்டுக்கணக்கில் மிகக் கொஞ்சம் கசியும், அவ்வளவே. சில மாதங்களில் குறைந்துபோனது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. குறையாமலே அனல் அடித்தால் கோளாறு வேறிடத்தில்.

ஏசி செய்கிற வேலையை ஒருமுறை மனதில் ஏற்றிக்கொண்டால், அந்த வேறிடத்தை ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே பாதி கண்டுபிடித்துவிடலாம். ஊசி போடும் முன் நர்ஸ் தடவும் ஸ்பிரிட் கையைச் சில்லிட வைப்பது, ஆவியாகும்போது அது தோலின் வெப்பத்தை இழுத்துக்கொண்டு போவதால். கார் ஏசியிலும் ஒரு திரவம் ஆவியாகிறது. நம் சாலைகளில் ஓடும் கார்களில் பெரும்பாலும் அது ஆர்-134ஏ. சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். டேஷ்போர்டுக்குப் பின்னால் கூலிங் காயில் என்று மெக்கானிக்குகள் சொல்லும் பகுதியில், டயரில் அடிக்கும் அளவான சுமார் 30 பிஎஸ்ஐ அழுத்தத்தில், ஒன்றிரண்டு டிகிரியில் அது கொதிக்கிறது. ப்ளோயர் தள்ளும் காற்று அந்தக் காயிலைத் தொட்டு வெப்பத்தை இழந்து நம் முகத்துக்கு வருகிறது.

இழுத்த வெப்பத்தை எங்காவது இறக்கியாக வேண்டும். எஞ்சின் பெல்ட்டால் சுழலும் கம்ப்ரசர், ஆவியான கேஸை உறிஞ்சி 200 பிஎஸ்ஐ-க்கு மேல் அழுத்துகிறது. அழுத்தியதும் அது வெளிக்காற்றைவிட நன்றாகச் சூடேறிவிடுகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சரில் காற்றுப் பட்டு வெப்பத்தை விட்டு, 55, 60 டிகிரி வாக்கில் திரவமாகிறது. ட்ரையர் அதிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொள்ள, எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துளை வழியாகப் பீறிட்டு மறுபடி கூலிங் காயிலுக்குள் நுழைகிறது. கண்டென்சரின் சூட்டுக்கும் வெளிக்காற்றின் சூட்டுக்கும் உள்ள இடைவெளிதான் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான 2003 மே 31 போன்ற நாளில் அந்த இடைவெளி சுருங்கிவிடும். குறையே இல்லாத ஏசியும் அன்று திணறத்தான் செய்யும்.

ஏசியின் குளிர்விக்கும் திறனை டன்னில் சொல்வது, பனிக்கட்டியைக் கொண்டு குளிர்வித்த காலத்து வழக்கம். காமராசர் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் ஐஸ் ஹவுஸ், பாஸ்டன் வணிகர் ஃபிரடெரிக் டியூடர் கப்பலில் அனுப்பிய பனிக்கட்டியைச் சேமித்து வைக்க 1842-இல் கட்டப்பட்டது. ஓர் அமெரிக்க டன், அதாவது 907 கிலோ பனிக்கட்டி, ஒரு நாளில் உருகும்போது இழுக்கும் வெப்பம்தான் ஒரு டன் ஏசி என்பது. சுமார் 3.5 கிலோவாட். நாலு பக்கமும் கண்ணாடியும் மேலே தகடுமாக வெயிலில் நிற்கும் ஒரு சின்னக் காருக்கே, படுக்கையறைக்கு மாட்டும் ஏசிக்கு இணையான திறன் வேண்டியிருக்கிறது.

இனி அறிகுறிகள். சென்னையில் அதிகம் கேட்கும் புகார் இது: பீச் ரோட்டில் போகும்போது ஜில்லென்று இருக்கிறது, பனகல் பார்க் வந்து நின்றதும் அனல் அடிக்கிறது. லஸ், பனகல் பார்க், அடையாறு என்று மெட்ரோ வேலைக்காகச் சாலை குறுகிய இடங்களில் எல்லாம் இது தலைகாட்டும். கேஸ் இங்கே முதல் குற்றவாளி அல்ல. ஓடும்போது எதிர்க்காற்றே கண்டென்சரைக் குளிர்விக்கிறது. நின்றுவிட்டால் அந்தப் பொறுப்பு முழுவதும் முன்பக்க ஃபேனுடையது. அது சுற்றவில்லை என்றால் அழுத்தம் தாறுமாறாக ஏறி, பாதுகாப்பு ஸ்விட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடும். வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஓட, ஏசியைப் போட்டுவிட்டு பானெட்டைத் திறந்து பாருங்கள். ஓரிரு நிமிடங்களில் ஃபேன் சுற்றத் தொடங்க வேண்டும். சில கார்களில் அது விட்டு விட்டுச் சுற்றும். நின்றிருக்கும் ஃபேன் எந்த நொடியிலும் கிளம்பும் என்பதால் கை உள்ளே போகக்கூடாது. சுற்றவே இல்லையா? ஃப்யூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். ரிலேயின் விலை, ஒரு முறை கேஸ் ஏற்றும் செலவில் சிறு பங்குதான். வெள்ளத்தில் மூழ்கி எழுந்த கார் என்றால் மோட்டாரின் மேல் சந்தேகம் இன்னும் கூடும். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது கோட்டூர்புரம் பகுதியில் தண்ணீரில் நின்ற கார்கள் எத்தனை! உள்ளே புகுந்த நீர் மோட்டாரை உடனே கெடுக்காது. துருவாக இருந்து பிறகு கெடுக்கும்.

ஆனால் சிக்னலில் குளிர் லேசாகக் குறைவது இயல்பு. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது கம்ப்ரசரும் மெதுவாகத்தான் சுற்றும். லேசாகக் குறைவதற்கும் அனலாக மாறுவதற்கும் உள்ள வேறுபாட்டைத்தான் கவனிக்க வேண்டும்.

ஃபேன் நன்றாகச் சுற்றியும் குளிரவில்லை என்றால் கண்டென்சரின் முகத்தைப் பாருங்கள். கட்டுமானத் தூசியும் பூச்சிகளும் இதழ்களுக்கிடையில் அப்பிக்கொண்டு காற்றை மறிக்கும். பெசன்ட் நகர், சாந்தோம், திருவான்மியூர்ப் பக்கம் தெருவிலேயே காரை நிறுத்துகிறவர்களுக்கு உப்புக்காற்றும் சேர்கிறது. அலுமினிய இதழ்கள் வெள்ளையாகப் பூத்து, தொட்டால் உதிரும். எஞ்சின் ஆறிய பிறகு சாதாரணக் குழாய்த் தண்ணீரால் கழுவினால் போதும். வாட்டர் சர்வீஸில் பீய்ச்சும் அழுத்தமான தண்ணீரைக் கிட்டத்தில் காட்டினால் இதழ்கள் மடங்கி, இருந்த வழியும் அடைபடும்.

இந்த ஊர் ஏசியின் பாதி வேலை வெயிலோடு அல்ல, ஈரத்தோடு. நண்பகலுக்குப் பின் கடற்காற்று உள்ளே வந்ததும் வெப்பமானி இறங்கும், புழுக்கம் ஏறும். ஒரு கிலோ நீராவியைக் கூலிங் காயிலில் நீராக்க சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். அது ஏழு கிலோ பனிக்கட்டியை உருக்கப் போதுமான வெப்பம். ரீசர்க்குலேஷன் பட்டனைப் போடாமல் வெளிக்காற்றை விட்டுக்கொண்டே ஓட்டினால், அந்த ஈரம் ஓயாமல் உள்ளே வரும், ஏசியும் அதோடு போராடிக்கொண்டே இருக்கும். குளிரவில்லை என்று கடைக்குப் போவதற்கு முன் அந்தப் பட்டனைப் பார்த்துவிடுவது நல்லது. வெயிலில் நின்ற காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெளியைவிட 20 டிகிரிக்கு மேல் சூடேறிவிடும். கண்ணாடிகளை இறக்கி, கொஞ்ச தூரம் ஓட்டி அந்த அனலை விரட்டிவிட்டு, பிறகு கண்ணாடியை ஏற்றி ரீசர்க்குலேஷனுக்குப் போவதுதான் முறை. இதே ஈரம் நமக்கு ஒரு நல்ல சோதனையையும் தருகிறது. ஏசி ஓடும் காரின் அடியில் தண்ணீர் சொட்டுகிறதா? சொட்டினால் கூலிங் காயில் குளிர்கிறது என்று பொருள். கீழே சொட்டாமல் முன் இருக்கையின் கால்மிதி நனைந்தால், வடிகுழாய் அடைத்திருக்கிறது.

காயில் குளிர்ந்தும் காற்று சூடாக வருவதுண்டு. பானெட்டுக்குள் ஏசிக் குழாய்கள் இரண்டு ஓடும். தடித்த குழாய் சில்லென்று வேர்த்திருக்க வேண்டும், மெல்லியது சூடாக இருக்க வேண்டும். எஞ்சினை நிறுத்திய கையோடு தொட்டுப் பாருங்கள். தடித்தது நன்றாகக் குளிர்ந்திருக்கும்போதும் உள்ளே அனல் என்றால், ஹீட்டர் பக்கமும் ஏசி பக்கமும் காற்றைப் பிரித்துவிடும் மடல் எங்கோ சிக்கிக்கொண்டிருக்கிறது. மடலைத் திருப்பும் சின்ன மோட்டாரின் பிளாஸ்டிக் பல் தேய்ந்துபோனாலே இப்படி ஆகும். இரண்டு குழாய்களும் ஒரே சூட்டில் இருந்தால் கம்ப்ரசர் ஓடவில்லை. கிளட்ச் வைத்த கம்ப்ரசரில் ஏசியைப் போட்டதும் 'டக்' என்று சத்தம் கேட்கும். அது கேட்கவில்லை என்றால் மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். எலிகளும் பெருச்சாளிகளும் ஒயரைக் கடித்துவைப்பது நம் தெருக்களில் புதிதல்ல. சில புதிய கார்களின் கம்ப்ரசரில் கிளட்சே இல்லை, அங்கே இந்தச் சத்தத்தைத் தேடக்கூடாது. பல ஹைப்ரிட் கார்களிலும் மின்சாரக் கார்களிலும் கம்ப்ரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது; ஆரஞ்சு நிறக் கேபிள் தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

அரை மணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்றின் வேகமே குறைந்து, ஏசியைக் கொஞ்ச நேரம் நிறுத்திப் போட்டால் மறுபடி சரியாகிவிடுகிறது என்றால் கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது. வெப்பத்தை உணரும் சென்சார் கெட்டிருக்கலாம், கேஸ் குறைந்திருக்கலாம், ஏசி ஃபில்டர் அடைத்திருக்கலாம். காந்தி நகரிலும் கஸ்தூரிபா நகரிலும் மர நிழலில் நிற்கும் கார்களுக்கு முதலில் ஃபில்டரைத்தான் கழற்றிப் பார்க்கச் சொல்வேன். பல கார்களில் க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது, ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம்.

இத்தனையும் பார்த்த பிறகு கேஸுக்கு வருவோம். கடையில் கேஜை மாட்டி, "பிரஷர் இருக்கு" அல்லது "பிரஷர் இல்லை" என்பார்கள். எஞ்சின் ஓடாதபோது எடுத்த அளவை நம்பி எந்த முடிவும் செய்யக்கூடாது. உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சம் இருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டுமே. 32 டிகிரியில் ஆர்-134ஏ 100 பிஎஸ்ஐ-க்குச் சற்று மேலே காட்டும், முழு அளவு இருந்தாலும் பாதிதான் இருந்தாலும். ஓடும்போது இரண்டு பக்க அழுத்தங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம். உறுதியாகத் தெரிய ஒரே வழி, இருப்பதை மிஷினால் உறிஞ்சி எடுத்து எடை போடுவது. எவ்வளவு இருக்க வேண்டும் என்பது பானெட்டின் கீழே ஸ்டிக்கரில் கிராம் கணக்கில் அச்சிடப்பட்டிருக்கும். கூடுதலாக ஏற்றினாலும் குளிராது. கண்டென்சரில் திரவம் தேங்கி, அழுத்தம் ஏறி, கம்ப்ரசர் கட்டாகும். "கொஞ்சம் சேர்த்தே போடுங்க" என்று நாமே கேட்டு இதை வாங்கிக்கொள்கிறோம்.

குறைந்திருக்கிறது என்று தெரிந்தால், ஏற்றுவதற்கு முன் ஓட்டையைக் கண்டுபிடித்தாக வேண்டும். கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் சுற்றுவதால், கசியும் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் தெரியும். நைட்ரஜன் அடைத்து சோப்பு நுரை தடவுவது பழைய, நம்பகமான முறை. புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயமும் உண்டு. சில ரூபாய் ஓ-ரிங்கில் தொடங்கி, டேஷ்போர்டையே இறக்க வேண்டிய கூலிங் காயில் வரை ஓட்டை எங்கும் இருக்கலாம். கடைசியில் சொன்னது செலவு பிடித்த வேலைதான். அதைத் தள்ளிப்போட்டு ஆண்டுக்கு மூன்று முறை கேஸ் ஏற்றுவதை நான் ஏற்கமாட்டேன், பணத்துக்காக மட்டும் அல்ல. ஆர்-134ஏ பூமியைச் சூடாக்குவதில் எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைப்போல சுமார் 1,400 மடங்கு. அரை கிலோவைக் காற்றில் விட்டால், 300 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்குச் சமம். 2016-இல் ருவாண்டாவில் ஏற்கப்பட்ட கிகாலி ஒப்பந்தத்தின்படி இவ்வகை வாயுக்களை இந்தியா 2032 முதல் படிப்படியாகக் குறைத்து, 2047-க்குள் 85 சதவீதம் நீக்க வேண்டும். தெருவோரத்தில் வால்வைத் திறந்து பழைய கேஸை 'புஸ்' என்று வெளியேற்றும் கடையில் வண்டியை விடாதீர்கள்.

மலிவான போலி கேஸ் இன்னும் மோசம். 2011-இல் வியட்நாமிலும் பிரேசிலிலும் குளிர்சாதனக் கன்டெய்னர்கள் வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆர்-134ஏ என்ற பெயரில் ஏற்றப்பட்ட கலப்பட வாயுவில் மெத்தில் குளோரைடு இருந்தது. அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப்பட்டால் பற்றிக்கொள்ளும் சேர்மமாக மாறியிருந்தது.

ஓட்டையை அடைத்த பின் வேக்கம் போடுவதற்கு, அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றைப் பம்பால் உறிஞ்சி எடுப்பதற்கு, அரை மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். திறந்த குழாய்க்குள் சென்னையின் ஈரக்காற்று புகுந்திருக்கும். வெற்றிடத்தில்தான் அந்த ஈரம் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து வெளியேறும். மிச்சம் இருந்தால் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும், எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து வழியை மறிக்கும். பம்பை நிறுத்திய பிறகும் கேஜின் முள் அசையாமல் நிற்கிறதா என்று கூட நின்று பாருங்கள். முள் ஏறினால் ஓட்டை இன்னும் இருக்கிறது.

பாகம் மாற்ற வேண்டி வந்தால், ஜி.பி. ரோட்டில் புதிதா, புதுப்பேட்டையில் பழையதா என்ற கேள்வி வரும். ஃபேன் மோட்டார், ப்ளோயர், மடல் மோட்டார் போன்றவற்றைப் புதுப்பேட்டையில் ஓட்டிப் பார்த்து வாங்குவதில் தவறில்லை. ட்ரையரை எக்காரணம் கொண்டும் பழையதாக வாங்கக்கூடாது. திறந்து கிடந்த ட்ரையர் ஈரத்தைக் குடித்து ஏற்கெனவே நிறைந்திருக்கும். பழைய கம்ப்ரசர் என்றால் அதன் துளைகள் மூடியிருந்தனவா, உள்ளிருக்கும் எண்ணெய் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எண்ணெய் கறுத்து மினுமினுத்தால் அதில் உலோகத்தூள் இருக்கிறது. நம் காரின் கம்ப்ரசரே அப்படி உடைந்திருந்தால், ட்ரையரையும் பெரும்பாலும் கண்டென்சரையும் சேர்த்து மாற்றியாக வேண்டும். கண்டென்சரின் மெல்லிய குழாய்களில் தங்கிய தூளைக் கழுவி எடுக்க முடியாது. புதுக் கம்ப்ரசரையும் அது அரைத்துவிடும்.